பேங்கில் எனக்கு டீ கொடுத்தார்கள்

போன வெள்ளிக்கிழமை பேங்கில் எனக்கு டீ கொடுத்தார்கள்.

'இதையெல்லாமா எழுதுவது?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள் — உங்களுக்கு எந்த பேங்கிலாவது டீ கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் நீங்கள் பெரிய பணக்காரர். அப்படியும் இல்லை என்றால்... சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: எனக்குத் தருமபுரியில் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், ஷட்டர் — இதுதான் பிழைப்பு. படிப்பு கொஞ்சம். பேச்சு அதைவிடக் கொஞ்சம். ஊரில் எல்லாருக்கும் நான் மேஸ்திரி.

பேங்க் பெயர் வேண்டாம். அங்கே எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. கவுண்டர் முன்னால் போய் நிற்பேன். உள்ளே இருக்கிறவர் எழுதிக்கொண்டே "என்னா?" என்பார். சொல்வேன். "அந்தப் பக்கம்" என்பார். அந்தப் பக்கம் போனால் "இந்தப் பக்கம்" என்பார்கள். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டியதுதான். பெஞ்ச் இருக்கிறது. அதில் எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள்.

குறை சொல்லவில்லை. பேங்க் என்றால் அப்படித்தான். பழகிவிட்டது.

அந்த இடத்தில் போன வெள்ளிக்கிழமை — "வாங்க சார், உக்காருங்க" என்றார்கள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். புளி மண்டி பாய் ஒருவருக்கு குடோன் கேட் செய்து மாட்டிக் கொடுத்தேன். நல்ல மனுஷர். எப்போதும் ரொக்கமாகத்தான் கொடுப்பார். இந்தத் தடவை ஒரு செக்கைக் கிழித்து நீட்டினார்.

"என்னாங்க பாய் இது?"

"இனிமே இப்பிடித்தான் மேஸ்திரி. எங்க கணக்குப்பிள்ளை சத்தம் போடறாரு. இத பேங்குல நீட்டுங்க, எண்ணிக் குடுத்துருவாங்க."

"குடுத்துருவாங்களா?"

"என்னா மேஸ்திரி, எம்மேலயே சந்தேகமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை.

வீட்டில் காட்டினேன். என் சம்சாரம் இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இதுவா காசு?"

"நாளைக்கு ஆவும்."

"ஆவலைன்னா?"

"பாய்கிட்ட போவேன்."

"அவரு இன்னொண்ணு கிழிச்சுக் குடுப்பாரு. வாங்கிட்டு வந்து அடுப்பு பத்த வெக்கலாம்."

சொன்னாளே தவிர, காலையில் குளித்துவிட்டு வந்து செக்கை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாள். தையல் மெஷின் வாங்கியபோது வைத்தோம். வெல்டிங் மெஷினுக்கு வைத்தோம். சைக்கிளுக்குக்கூட வைத்தோம். வீட்டுக்கு முதல் முதலாக வந்த செக்குக்கு வைக்காமல் விடுவாளா?

நான் தடுக்கவில்லை. தப்பாகத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

பட்டறை எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே. பேங்க் திறப்பதற்குள் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று கேஸ் டேங்கைக் கழுவி, புதுக் கார்பைட் கல் போட்டேன். அந்தக் கல் தண்ணீரில் பட்டால் கேஸ் வரும். கரைந்து முடிந்தால் வெள்ளையாகச் சேறு மிஞ்சும். கையைப் பேருக்கு அலம்பிக்கொண்டேன். செக்கை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கவுண்டரில் ஒரு அம்மா. புதிதாக வந்தவர். செக்கை விரித்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் — என்னைப் பார்த்தார்.

முதல் தடவையாக ஒரு பேங்க் உத்தியோகஸ்தர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்!

டோக்கன் கொடுத்தார். செக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார். போனார். அப்புறம் இன்னொருவர். பெண் பார்க்க வந்த வீட்டில் எட்டிப் பார்ப்பது போல ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு முன்னால் வந்தவர்களுக்குப் பணம் வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் வந்தது. என் டோக்கனை யாரும் கூப்பிடவில்லை.

பியூன் கோவிந்தன் வந்தான். தெரிந்த பையன்தான். தினமும் என் பட்டறையில் வந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு போவான். வாய்க்கு வாய் அண்ணே.

"சார்..." என்றான்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உங்களத்தாங்க சார். மேனேஜர் கூப்பிடறாரு."

"கோயிந்தா, நான்டா."

"தெரியுதுங்க. உள்ள வாங்க சார்."

என் கண்ணைப் பார்க்கவில்லை அவன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசினான்.

மேனேஜர் ரூமில் ஃபேன் ஓடியது. மெத்தை வைத்த நாற்காலி. மேனேஜர் ஊருக்குப் புதுசு. தஞ்சாவூர்ப் பக்கமாம். வெற்றிலைச் செல்லத்தை மேஜையில் ஓரமாக வைத்திருந்தார். "உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார். டீ வந்தது. நல்ல டீ. ஏலக்காய்கூடப் போட்டிருந்தது.

ஒரு வாய் குடித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்... கிறீச்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இழுத்துச் சாத்தும் இரும்பு கேட். கீழே சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு நாளாகிவிட்டால் அப்படித்தான் கத்தும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த கேட்டைச் செய்ததே நான்தான். இதற்கு முந்தின மேனேஜர் காலத்தில். "திருடன் உள்ள மாட்டினா வெளிய போவக்கூடாது மேஸ்திரி" என்று சொல்லித்தான் செய்யச் சொன்னார். உறுதியாகச் செய்தேன். இரும்புப் பட்டையில் குறைவே வைக்கவில்லை.

பகல் நேரம். கூட்டம் இருக்கிறது. இப்போது எதற்கு கேட்டைச் சாத்துகிறார்கள்?

டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் செக்கை மேஜையில் வைத்தார். அப்போதுதான் நானே சரியாகப் பார்த்தேன். தொகை எழுதியிருந்த கட்டத்தில் ரத்தச் சிவப்பாகக் கறை. அந்த இடத்தில் மை வெளுத்து, எழுத்து பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. மூலைகளிலும் சிவப்பு.

"இந்தச் செக் உங்களுக்கு எப்படி வந்தது?"

சொன்னேன்.

"வந்ததுலேருந்து யார் யார் கையில இருந்தது?"

"பாய் குடுத்தாருங்க. நான் வாங்கினேன். என் சம்சாரம் வாங்கிச்சுங்க. அப்புறம் சாமிகிட்ட இருந்துச்சுங்க."

அவர் முகம் மாறவில்லை. இந்த மாதிரி முகத்துக்குத்தான் சம்பளம் போல.

"இது என்ன கறை?"

"மஞ்சளுங்க. பொட்டு வெச்சாங்க."

"மஞ்சள் மஞ்சளா இருக்கும். இது சிவப்பா இருக்கே?"

அவர் கேட்டது சரிதானே? காலையில் மஞ்சளாகத்தான் வைத்தாள். என் கண்ணாலே பார்த்தேன். என் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். நடுவில் எப்படிச் சிவந்தது?

"மருந்து போட்டு மையை அழிச்சா இப்படித்தான் வெளுக்கும்" என்றார். மிருதுவாகத்தான் சொன்னார். "அழிச்சிட்டு மேல வேற தொகை எழுதுவாங்க. நிறையப் பேர் செய்யறாங்க. நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லலை."

சொல்லவில்லைதான். கேட் சாத்தியிருக்கிறதே!

சந்தேகம் என்பது தொற்றுவியாதி. அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் பாயைச் சந்தேகப்பட்டேன். கெட்டுப்போன செக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ? அப்புறம் சம்சாரத்தை. மஞ்சளோடு வேறு எதையாவது தடவிவிட்டாளோ? கடைசியில் என்னையே. நமக்குத் தெரியாமல் நாமே ஏதாவது செய்துவிட்டோமோ? நல்ல ஃபேன் காற்றில் உட்கார்ந்து பாருங்கள். என்னென்னவோ தோன்றும்.

கண்ணாடிக்கு வெளியே அண்ணாமலை நின்றுகொண்டிருந்தார். மளிகைக்கடை அண்ணாமலை. போன வாரம்தான் அவர் கடைக்கு கேட்டும் பூட்டும் என்னிடம் சொல்லியிருந்தார். அவரும் சாத்தின கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டார் போல. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கோவிந்தன் காதில் என்னவோ கேட்டார். கோவிந்தன் உதட்டைப் பிதுக்கினான்.

அங்கேதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. போலீஸ் வந்தால் வரட்டும், விசாரித்தால் விசாரிக்கட்டும். அடிக்கவா போகிறார்கள்... அடிக்கவும் அடிப்பார்கள். அது போகட்டும். ஆனால் என் தொழிலை யோசித்துப் பாருங்கள். நான் ஊரார் வீட்டுக்குக் கதவு செய்கிறவன். பூட்டு மாட்டுகிறவன். எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று தெரிந்தவன். 'மேஸ்திரி செக்கைத் திருத்தி மாட்டிக்கிட்டாராம்' என்று ஒரு பேச்சு வந்தால் போதும். அப்புறம் எவன் என்னிடம் கேட் சொல்வான்? பட்டறையை மூட வேண்டியதுதான்.

மேனேஜர் மண்டிக்கு போன் போட்டார். பாய் கம்பைநல்லூர் போயிருக்கிறாராம், புளி எடுக்க. மத்தியானம்தான் வருவாராம்.

"அதுவரை இருங்க" என்றார்.

இருந்தேன். வேறு என்ன செய்ய? கேட் என்னுடைய கேட். அதை உடைக்க முடியாது என்று எனக்கே தெரியும்.

மேனேஜர் செல்லத்தைத் திறந்தார். வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். சுண்ணாம்பை விரலில் எடுத்தார். தடவப் போனவர், என் கையைப் பார்த்து நிறுத்தினார். டம்ளரைப் பிடித்திருந்த கை.

"நகத்துல என்ன அது, வெள்ளையா?"

"கார்பைட் சேறுங்க. கேஸ் டேங்க்ல வர்றது."

"சுண்ணாம்பு மாதிரியா?"

"சுண்ணாம்பேதானுங்க. சில பேரு அதையே வாங்கிட்டுப் போயி செவுத்துக்கு அடிக்கறாங்க."

அவர் தன் விரலைப் பார்த்தார். செக்கைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார்.

"ஆரத்தி!" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. எந்தக் கல்யாண வீட்டிலும் சுற்றிக் கொட்டுகிறார்களே! ஈர மஞ்சளோடு மடித்தேன். மூலையில் இருந்தது தொகை மேல் ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புக் கையால் தொட்டேன். மஞ்சள் சிவந்தது. மையும் வெளுத்தது. செய்தவன் நான்தான். செய்யாதவனும் நான்தான்.

மேனேஜர் சிரித்தார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான்.

எழுந்தேன்.

"எங்க?" என்றார்.

"அதான் தெரிஞ்சிருச்சுங்களே சார்."

"எனக்குத் தெரிஞ்சிருச்சு. பேங்குக்குத் தெரியணுமே. செக் எழுதின பாய் வரட்டும்."

உட்கார்ந்தேன். பாருங்கள், மனுஷன் நம்பிவிட்டார். நாற்காலி நம்பவில்லை.

"நேராவே கேட்டிருக்கலாமுங்களே சார். இதெல்லாம் எதுக்கு... டீ, கீ?"

"நேரா கேட்டா ஓடிருவாங்க மேஸ்திரி."

"ஓடாதவங்க?"

"டீ குடிச்சிட்டுப் போறாங்க. நஷ்டமா?"

நஷ்டம் யாருக்கு என்று வாய் வரை வந்தது. வெற்றிலை இருந்ததால் பேசவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பாய் வந்தார். சட்டையெல்லாம் புளித் தூசு. மேனேஜர் செக்கைக் காட்டவில்லை. கையால் மூடிக்கொண்டு, "எவ்வளவுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார்.

பாய் உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! அவர் மகள் கல்யாணத்துக்கு இரும்புப் பந்தல்கால் அடித்துக் கொடுத்தது நான். அவர் கண்ணிலும் ஒரு நொடி அது வந்துவிட்டுப் போனது. 'மேஸ்திரி... நீயா?'

அப்புறம் தொகையைச் சொன்னார். சரியாக இருந்தது.

மேனேஜர் கையை எடுத்தார். பாய் செக்கைப் பார்த்தார். மேனேஜர் ஆரத்திக் கதையைச் சொன்னார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"செக்குக்குப் பொட்டு வெச்ச ஊரு நம்ம ஊருதான் மேஸ்திரி! பூ வெக்கலயா?"

"வூட்ல பூ தீந்து போச்சுங்க பாய்."

இந்தச் செக் செல்லாது, வேறு எழுதுங்கள் என்றார் மேனேஜர். பாய் அங்கேயே எழுதினார். பணம் கைக்கு வந்தது. கிளம்பும்போது மேனேஜரிடம் ஒன்று கேட்டேன். நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவன் இல்லை. கேட்டேன்.

"சார், வெளிய ஜனங்க பாக்கறாங்க. நீங்க வாசல் வரைக்கும் கூட வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

அவருக்குப் புரிந்தது. வந்தார். சும்மா வரவில்லை. என் தோளில் கையைப் போட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே கேட் வரை வந்தார். கோவிந்தன் கேட்டை இழுத்தான். கிறீச்! மேனேஜர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஊரே பார்த்தது.

நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சாயந்திரம் அண்ணாமலை பட்டறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?"

"இல்லீங்க."

"போலீஸ்னு சொன்னாங்க."

"வரலீங்க."

"அதான... மேனேஜரே தோளப் புடிச்சுத் தள்ளிட்டு வந்து வெளிய வுட்டாருன்னு பேசிக்கறாங்க. 'இனிமே இந்தப் பக்கம் வராத'ன்னு கும்பிடு போட்டாராமே?"

என்ன சொல்வது? வாசல் வரை வரச் சொன்னதே நான்தான்.

"இல்லீங்க. பேசிட்டு வந்தாரு."

"அப்பச் சரிங்க." கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றினார். "கேட்ட செஞ்சு குடுத்துருங்க. பூட்டு மட்டும் நான் சேலத்துல வாங்கிக்கறேன்."

போய்விட்டார்.

நான் கோபப்படவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டை சேலத்தில்தான் வாங்குவேன். சம்சாரம் கேட்டாள், "என்னவாம்?" "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் நம்பவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் யாரையும் நம்பவில்லை.

பேங்க் செய்தது தப்பா? இரண்டு நாள் யோசித்தேன். தப்பில்லை. ஊரார் பணம். சிவப்பாக ஒரு செக் வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். சந்தேகப்படாத பேங்கில் நானே பணம் போட மாட்டேன். ஆனால் அவர்கள் சந்தேகம் உள்ளேயே தீர்ந்துவிடுகிறது. டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதோடு சரி. வெளியே வருகிறவன் தலையில் உட்கார்ந்து ஊருக்குள் வரும் சந்தேகத்தை யார் கழுவுவது? 'இவர் மேல் குற்றமில்லை' என்று பேங்க் தண்டோரா போடுமா?

இந்தத் திங்கட்கிழமை கோவிந்தன் வந்தான். பழையபடி அண்ணே என்றான். நிம்மதியாக இருந்தது.

"அண்ணே, மேனேஜர் வரச் சொன்னாரு."

"டீ குடுக்கறாங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப வர்றேன்."

கேட் இழுபடவில்லையாம். வெள்ளிக்கிழமை அவசரத்தில் இழுத்ததில் கீழ்த் தண்டவாளம் நெளிந்து, சக்கரம் மாட்டிக்கொண்டதாம். என்னைப் பிடிக்கச் சாத்தின கேட்டை நானே போய் ரிப்பேர் செய்ய வேண்டும். செய்தேன். பேங்க் வாசலில், நட்ட நடு வெயிலில், மல்லாக்கப் படுத்து சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். "நவுருங்க" என்றார் கண்ணாடி போட்டவர்.

தலைக்கு மேலே ஒரு சைக்கிள் நின்றது. அண்ணாமலை.

"பேங்குக்கே நீங்கதான் செய்யறீங்களா?"

"ஆமாங்க."

"சாவி, பூட்டு எல்லாம்?"

"எல்லாம்தானுங்க."

கேட்டைப் பார்த்தார். உள்ளே பணம் எண்ணுகிறவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்களுதுக்கும் நீங்களே பூட்டு போட்டுருங்க. சேலத்துக்கெல்லாம் யாரு போறது?"

தோளில் கை போட்டு வழியனுப்பியதில் போன பெயர், தரையில் படுத்ததில் திரும்பி வந்தது. இதற்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மேனேஜர் வெளியே வந்து இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. சந்தோஷப்பட்டார்.

"கூலிக்கு செக்கா போட்டுத் தரட்டுமா?"

"ரொக்கமா குடுங்க சார்."

"ஒரு பக்கம் இன்னும் லேசா சத்தம் வருதே மேஸ்திரி?"

"அது போவாதுங்க சார்" என்றேன்.

போகும். ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஆனால் நாளைக்கு இன்னொருவன் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான் அல்லவா? அவனுக்கும் கேட்கட்டும் என்று ஒரு சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.